நீலக்கால் கோழிகளின் குளிர்காலம்

“சேவலை நல்லாப் பிடி. கொண்டை ஆடுது.”

“பிடிச்சிட்டுத்தான் இருக்கேன். அக்கா, உங்க தொண்டையில என்னமோ சிக்கியிருக்கு.”

“சளி.”

“சளி இல்ல. ஒரு மாசமாப் பாக்கறேன். என்னமோ கேக்கணும்னு வாய் வரைக்கும் வருது, அப்படியே திரும்பிப் போயிடுது. கேளுங்களேன். நான் என்ன, கடிச்சா முழுங்கிடுவேன்?”

“ஒண்ணும் இல்லடி. தாடிக்குக் கீழயும் தடவணும். தலையைத் தூக்கிக் காட்டு.”

இது எங்கள் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் நடந்த பேச்சு. சேவலைப் பிடித்திருந்தவள் என் ஓரகத்தி, என் கணவருடைய தம்பியின் மனைவி. வாஸ்லின் தடவிக்கொண்டிருந்தவள் நான். கடுங்குளிரில் சேவலின் கொண்டைக்கு வாஸ்லின் தடவ வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை சார். தடவாவிட்டால் கொண்டையின் நுனி உறைந்து, கறுத்து, காய்ந்த மிளகாய் போல உதிர்ந்துவிடும். ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் தடவ வேண்டும். தனி ஆளாகச் செய்ய முடியாத வேலை. இந்த மூன்று வாரமாக எனக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். நான் எங்கேயும் ஓடப் போவதில்லை. நானாக ஸ்டேஷனுக்கு வந்தவள். சொல்ல வந்தது சின்னவளைப் பற்றித்தான். வீட்டில் அவளை எல்லோரும் சின்னவள் என்றுதான் சொல்வோம். ஆனால் கோழிகளைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

எங்களுடையது பழைய ஜாதி. சாம்பல் உடம்பு, பெரிய கொண்டை, வழவழவென்று நீல நிறத்தில் கால்கள். நீலக்கால் என்று சொல்வார்கள். அண்ணனும் தம்பியுமாக ஆசை ஆசையாக வளர்த்தார்கள். பதினேழு வருடத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே லாரியில் போனார்கள், ஒரே பாலத்தில் முடிந்துபோனார்கள். மிஞ்சியது நாங்கள் இரண்டு பேரும் பதினொரு கோழிகளும். சின்னவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பிறந்த வீட்டிலிருந்து வந்து கூப்பிட்டார்கள். “அக்காவையும் கோழியையும் யார்கிட்ட விட்டுட்டு வர்றது?” என்று கேட்டுவிட்டு, தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டாள். நான் இருக்கச் சொல்லவில்லை. அவளாகவே இருந்தாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பதினேழு குளிர்காலம். பதினொன்று நாற்பத்துமூன்று ஆனது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தது அவள்தான். எதற்கெடுத்தாலும் எதிர்த்துக் கத்துகிற ஒரு கோழிக்கு வக்கீலம்மா. ஒரு வேலையும் செய்யாமல் சத்தம் மட்டும் போடுகிற சேவலுக்கு மேனேஜர். அடைகாக்கிறேன் பேர்வழி என்று நாள் முழுக்கத் தூங்குகிற ஒன்றுக்கு என் பெயரை வைத்திருந்தாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

குளிர்காலத்தில் எங்களிடம் கறாரான முறைகள் உண்டு. கொட்டகைக்குள் ஹீட்டர் வைப்பதில்லை. வெப்பம் கொடுத்துப் பழக்கினால் ஜாதியே கெட்டுவிடும். ஈரக்காற்று வெளியேறக் கூரைக்குக் கீழே வரிசையாகத் திறப்புகள் இருக்கும். ஆனால் கோழி உட்காரும் உயரத்தில் ஊசி நுழைகிற ஓட்டைகூட இருக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர் மூன்று வேளை. முட்டைகளையும் மூன்று வேளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து வெடித்துவிடும். முட்டை அவள் வேலை. கதவு என் வேலை. அவளிடம் கதவை நம்பி ஒப்படைக்க முடியாது. தாழ்ப்பாளைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுவாள். நான் ஒருநாளும் மறந்தது கிடையாது. இருட்டுவதற்குள் இரும்புத் தாழ் விழுந்த சத்தம் கேட்டால்தான் என் வயிற்றில் சோறு இறங்கும். நரி வருகிற இடம்.

அந்தக் கதவுக்கு உள்பக்கம் பிடி இல்லை. சின்னவள் உள்ளே மாட்டிக்கொண்டு தவிப்பாள் என்று அவள் கணவர்தான் பலகையில் ஒரு துளை போட்டு, தாழில் கயிறு கட்டி, அதன் நுனியை உள்ளே விட்டிருந்தார். உள்ளே இருப்பவர் கயிற்றை இழுத்தால் தாழ் தூக்கிக்கொள்ளும். இடுப்பு உயரத்தில் துளை. பதினேழு வருடமாக அதன் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

இனி தீவனக்காரர். நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள், அடக்கத்தின்போது ஓரமாக நின்றவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் சொல்வார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் போகிறவர், இந்த வருடம் அரை மணி நேரம் நிற்க ஆரம்பித்தார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

குளிர்காலத்தின் முதல் பனிப்பொழிவில் அவருடைய கோழிக்கூண்டின் கூரை இடிந்து விழுந்தது. ஒன்பது நாளைக்குத் தன் சேவலை எங்களிடம் விட்டார். அது வேறு ஜாதி. பாதம் வரைக்கும் பொசுபொசுவென்று இறகு. சின்னவள் பார்த்ததும் “ஐயோ, பைஜாமா போட்டிருக்கான்” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் பைஜாமாவைத் தனி அடைப்பில் விட்டேன்.

மூன்றாம் நாள் அது எங்கள் கோழிகளோடு நின்றுகொண்டிருந்தது. சின்னவள் நடுக்கதவைச் சரியாகப் போடவில்லை. போடவில்லை என்பதோடு, அதை என்னிடம் சொல்லவும் இல்லை.

ஒன்பதாம் நாள் அவர் சேவலை எடுத்துப்போக வந்தார். அன்று மாலை சின்னவள் காய் நறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“அக்கா, அவர் கேட்டார். வசந்தம் வரட்டும், சொல்றேன்னேன். சரின்னுதான் சொல்லப் போறேன்னு நினைக்கிறேன்.”

“நல்லது.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன சொல்லணும்?”

“நாற்பத்தாறு வயசுல உனக்கு எதுக்குடி இதெல்லாம்னு திட்டலாம். அழலாம். இந்தக் கத்தியைப் பிடுங்கி வெக்கலாம். எவ்வளவோ இருக்கே.”

“கேரட்டைப் பெருசா நறுக்காதே. வேகாது.”

மிச்சக் கேரட்டைச் சின்னதாக நறுக்கினாள். பிறகு, போகும்போது ஐந்து கோழியும் ஒரு இளஞ்சேவலும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அங்கேயும் நீலக்கால் இருக்கட்டுமே, ஒரே இடத்தில் இருந்து ஒரு நோய் வந்தால் ஜாதியே போய்விடுமே என்றாள். நியாயமான பேச்சுதான். அவள் எப்போதும் நியாயமாகத்தான் பேசுவாள். பதினேழு வருடம் ஒரே குடத்தில் தண்ணீர் எடுத்தவர்கள், ஒரே போர்வையைப் பகிர்ந்தவர்கள். காய்ச்சலில் நான் கிடந்தபோது எனக்குத் தலை வாரிவிட்டவள். அவளுக்குப் போவதற்கு ஒரு இடம் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முகத்தில் அடித்தாற்போல இருந்தது என்று சொல்வார்களே, அப்படி இல்லை. இருட்டில் மாடிப்படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் இல்லாமல் போகுமே, அப்படி இருந்தது.

மறுநாள் காலையில் கொட்டகைக் கதவின் கயிற்றை அவிழ்த்து எடுத்தேன். துளையில் சாக்குத் துணியைத் திணித்து அடைத்தேன். காற்று வந்துகொண்டிருந்தது. அது பற்றி நீங்கள் முன்பு கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை.

அடுத்ததாக முட்டை விஷயம். வேறு சேவல் கலந்துவிட்டால், அந்தச் சேவலை விலக்கிய பிறகும் அதன் வித்து கோழியின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் தங்கும். அதனால் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். ஒரு குஞ்சு பொரிய எத்தனை நாளோ அத்தனை நாள். அதுவரைக்கும் இடுகிற முட்டையெல்லாம் சமையலுக்கு மட்டும்தான். கோழி வளர்ப்பவர்களுக்கு இது பாலபாடம்.

பைஜாமா போய் எட்டாம் நாள், நான் பன்னிரண்டு முட்டையைக் குஞ்சு பொரிக்கிற மெஷினில், பொரிப்பானில் வைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். வருடா வருடம் அந்தத் தேதியில்தான் வைப்போம். நான் தேதி தவறாதவள். பன்னிரண்டில் ஒன்பது பொரிந்தன. மூன்று குஞ்சுகளுக்குக் காலில் பஞ்சு போல இறகு. பைஜாமாவோடு பிறந்திருந்தன.

அவற்றை ஒரு பெட்டியில் வைத்து அவள் முன்னால் நீட்டினேன். பதினேழு வருடம் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியதை ஒரு ஆளுக்காகக் கெடுத்துவிட்டாயே என்றேன். அவள் குஞ்சுகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அக்கா, காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருந்தேனே.”

“நான் பாக்கல.”

“நீங்கதான் தினமும் தேதி கிழிக்கறீங்க.”

குரலை உயர்த்தவில்லை. அவளுக்கு உயர்த்தத் தெரியாது. காலண்டரில் இருபத்தொன்றாம் நாளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தது உண்மைதான். “அதுவரை எல்லாம் ஆம்லெட்டுக்கு!” என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரித்த முகமும் போட்டிருந்தாள். சேவல் கலந்ததை அவள் சொல்லவில்லை என்று கொஞ்சம் முன்னால் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். சொன்னாள். அன்று காலையே, கையைப் பிசைந்துகொண்டு, “அக்கா, பைஜாமா இந்தப் பக்கம் வந்துட்டான், நான்தான் கதவை ஒழுங்காப் போடல, திட்டிடுங்க” என்று சொன்னாள். ஆனால் சொல்வதற்கும் ஒரு விதம் இருக்கிறது. உள்ளுக்குள் வேறு ஒன்றை வைத்துக்கொண்டு சொல்வதைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியாது.

நான் அந்தச் சமயத்தில் யோசித்தது இவ்வளவுதான். ஜாதி கெட்டுவிட்டது என்று ஆகிவிட்டால், அவள் எடுத்துப்போக ஒன்றும் இல்லை. எடுத்துப்போக ஒன்றும் இல்லையென்றால், அவள் போவானேன்?

ஆனால் அவள் அந்த மூன்று குஞ்சுகளையும் கையில் எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். “பாவம், இதுங்க என்ன பண்ணும். இதுங்களையும் நானே எடுத்துட்டுப் போறேன்” என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் தகராறு எதுவும் இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள், பக்கம் என்று சொல்லவே இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். கொண்டைக்கு வாஸ்லின் தடவினோம். நான் முதலில் சொன்ன பேச்சு அப்போது நடந்ததுதான். என்னமோ கேட்க வருகிறீர்கள், கேளுங்கள் என்றாள். நான் சளி என்றேன்.

இந்தக் குளிர்காலத்தில் அதிகக் குளிர் அடித்த நாள் உங்களுக்கும் நினைவிருக்கும், உறைநிலைக்குக் கீழே பதினெட்டு. நாலு மணிக்கு அவள் கடைசி முட்டைகளை எடுக்கப் போனாள். கோட் போடவில்லை, வீட்டு ஸ்வெட்டர்தான். “ரெண்டு நிமிஷ வேலைக்கு யார் கோட்டை மாட்டறது” என்று சொல்லிவிட்டு வெந்நீர் வாளியோடு ஓடினாள். அவளுடைய போன் சமையலறையில் சார்ஜில் இருந்தது. நான் அடுப்பில் பால் வைத்தேன். பிறகு கதவைப் போடப் போனேன். என் வேலை அது.

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது, வழக்கம் போல. உள்ளே அவள் மேனேஜரோடு பேசிக்கொண்டிருப்பது கேட்டது. நான் கதவைச் சாத்தித் தாழைப் போட்டேன். வருடம் முழுவதும் எத்தனை தடவை போட்டேனோ, அதே போலத்தான் போட்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்குச் சமைத்தேன். இரண்டு தட்டு வைத்தேன். அவள் போன் ஒரு தடவை அடித்து நின்றது. நான் சாப்பிட்டேன், அவளுடையதை மூடி வைத்தேன், படுத்தேன். காலை ஏழு மணிக்குக் கோழிகளைத் திறந்துவிடுகிற நேரத்தில் போய்த் திறந்தேன். ஒரு நிமிடம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

உங்களிடம் அப்போது சொன்னது, காய்ச்சல் மாத்திரை போட்டு நேரத்தோடு படுத்துவிட்டேன், அவள் தீவனக்காரர் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன், காற்றில் கதவு அடித்துத் தாழ் தானாக விழுந்திருக்கும் என்பது. நீங்கள் நம்பினீர்கள். நீங்கள் கெட்டிக்காரர்தான், ஆனால் அழுகிற பெண்பிள்ளையை யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அழுதது நிஜம்.

உங்கள் ஆட்கள் வருவதற்கு முன்னால் நான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. அவள் மூலையில், வைக்கோல் மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோழிகள் உயரத்தில்தான் தூங்கும், தரையில் தூங்காது. அன்றைக்கு ஒன்பது கோழிகள் கீழே இறங்கி, அவள் மேலும் அவளைச் சுற்றியும் அணைந்து உட்கார்ந்திருந்தன. வக்கீலம்மா மடியில் இருந்தாள். நான் தூக்கியபோது கையைக் கொத்தினாள். அந்த நாற்பத்துமூன்றில் ஒன்றுகூட இதுவரை என்னைக் கொத்தியதில்லை.

ஸ்வெட்டருக்கு உள்ளே, வயிற்றோடு சேர்த்து, அவள் ஏழு முட்டைகளை வைத்திருந்தாள். வெடித்துவிடக் கூடாது என்று. ஒன்றுகூட உறையவில்லை.

அந்த ஏழு முட்டையையும் நான் பொரிப்பானில் வைத்தேன். அது பைஜாமா போன நாற்பத்தோராம் நாள். இருபத்தொரு நாள் தினமும் திருப்பி வைத்தேன், தண்ணீர் ஊற்றினேன். நேற்றுப் பொரிந்தன. ஏழும் பொரிந்தன. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் காலைப் பார்த்தேன். வழவழவென்று, சுத்தமான நீலம். ஒரு இறகுகூட இல்லை. ஜாதி கெடவே இல்லை சார். அவள் போட்ட வட்டம் சரியாக இருந்தது. அவள் ஒன்றையும் கெடுக்கவில்லை.

பகலில் தீவனக்காரர் வந்தார். மூட்டையை இறக்கிவிட்டு, குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, முதல் முறையாகச் சிரிக்காமல் ஒன்று சொன்னார்.

“உங்ககிட்ட சொல்லணுமான்னு யோசிச்சேம்மா. வசந்தம் வரைக்கும் எதுக்குத் தள்ளிப் போடறேன்னு அவகிட்ட கேட்டேன். ‘அக்கா ஒரு தடவை வாயைத் திறந்து இருன்னு சொல்லிட்டா நான் வரமாட்டேன். அதுக்குத்தான் டைம் குடுக்கறேன்’னா. எனக்குக் கோபம்தான். ஆனா அவ அப்படித்தான்.”

நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவர் போனதும் குஞ்சுகளுக்கு விளக்கைச் சரி செய்துவிட்டு, இன்று முதல் பஸ்ஸைப் பிடித்து இங்கே வந்தேன்.

கோழிகளுக்காகச் செய்தேன் என்றுதான் உங்களிடம் சொல்ல நினைத்திருந்தேன். வழி முழுக்க அப்படித்தான் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டு வந்தேன். ஜாதியைக் காப்பாற்றச் செய்தேன், துரோகத்துக்குச் செய்தேன் என்று. நீங்கள் அதையே எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தீவனக்காரர் நினைப்பது போல, அவள் நினைத்துக்கொண்டிருந்தது போல, நான் கேட்காமலே இருந்துவிட்டேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அது சரியில்லை. நான் கேட்டேன்.

தாழைப் போட்ட பிறகு கேட்டேன். உள்ளே அவள் முதலில் சிரித்தாள். “அக்கா, நான் உள்ளதான் இருக்கேன். மேனேஜரோட என்னையும் சேத்துப் பூட்டிட்டீங்க” என்றாள். கயிற்றைத் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு பலகையைத் தட்டினாள். நான் சாக்குத் துணி அடைத்த துளைக்கு நேராகக் குனிந்து, வாயை வைத்து, பதினேழு வருடமாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டேன். பதிலுக்கு அவளும் ஏதோ சொன்னாள். நான் நிற்கவில்லை, அடுப்பில் பால் இருந்தது. நான் கேட்டது இவ்வளவுதான்:

“போகாதடி. என்கூடவே இருந்துடேன்.”